‘வைரஸைக் கொல்லும்’ என்று போட்டிருக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: தடிமனுக்குப் பார்மசியில் கேட்டு அன்டிபயோட்டிக் ஐந்து வாங்கினேன். மூன்று போட்டும் குறையவில்லை. மீதி இரண்டைக் கொடுத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: முடியாது. தடிமன் வைரசால் வருவது. அமொக்சிலின் போன்ற அன்டிபயோட்டிக்குகள் பக்டீரியா தன் கலச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். வைரசுக்குக் கலமே இல்லை, சுவருக்கு எங்கே போக? டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுத்தவரில் பிழை இருக்கிறது. துண்டு இல்லாமல் போய்க் கேட்ட உங்களிலும் இருக்கிறது.

கேள்வி: ‘99.9 சதவீத வைரஸ்களை அழிக்கும்’ என்ற கை கழுவும் திரவம் சாதாரண சவர்க்காரத்தைவிட மூன்று மடங்கு விலை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு. வாங்கலாமா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: இந்த 99.9 என் பழைய எரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த வைரஸ்? போத்தலைத் திருப்பிப் பாருங்கள். ஒரு நட்சத்திரக்குறி, அதற்குக் கீழே கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ‘ஆய்வுகூட நிலையில்’ என்று இருக்கும். வைரசின் பெயரும் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வைரஸ் என்றால் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ கொஞ்சம், அதைச் சுற்றிப் புரத உறை, அவ்வளவுதான். தனியே கிடந்தால் பெருகாது. நம் கலத்தின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஒரு பிடியை, அதாவது ஏற்பியைப் பிடித்தால்தான் உள்ளே போக முடியும். இன்புளுவென்சா சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும். கொரோனா ஏசிஈ2 என்ற புரதத்தைப் பிடிக்கும். உள்ளே போனதும் நம் கலத்தில் புரதம் செய்யும் ரைபோசோம்களை வைத்தே தன் புரதங்களைச் செய்விக்கும். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரரின் அடுப்பில் சமைத்துக் கடையும் போட்ட கதைதான்.

சரி, விலைக்கு வருவோம். இன்புளுவென்சா, கொரோனா இரண்டுக்கும் புரதத்துக்கு வெளியே ஒரு கொழுப்புறை உண்டு. சவர்க்காரம் அதைக் கலைத்துவிடும். ஏற்பியைப் பிடிக்கும் முட்கள் அந்த உறையில்தான் இருப்பதால் வைரசின் கதை அங்கேயே முடிந்தது. இதற்கு எந்தக் கட்டிச் சவர்க்காரமும் போதும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தரும் ரோட்டா, நோரோ வைரஸ்களுக்கோ கொழுப்புறை கிடையாது. நோரோவிடம் அற்ககோல் ஜெல்லும் அவ்வளவாகப் பலிக்காது. தேய்த்துக் கழுவித் தண்ணீரோடு அனுப்ப வேண்டியதுதான். அமெரிக்காவில் 2016இல் டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிக்கொல்லிப் பொருட்களை ‘கிருமி கொல்லும்’ சவர்க்காரங்களில் தடை செய்தார்கள். வெறும் சவர்க்காரமும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாக எதையும் செய்கின்றன என்று தயாரிப்பாளர்களால் காட்ட முடியவில்லை. மிச்சக் காசுக்குப் பிள்ளைகளுக்குப் பழம் வாங்குங்கள்.

கேள்வி: ஏசிக்கு ‘வைரஸ் வடிகட்டும்’ வலை 9,000 ரூபா என்கிறார் புறக்கோட்டைக் கடைக்காரர். வலையின் ஓட்டைகள் கண்ணுக்கே தெரிகின்றன. (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: இன்புளுவென்சா வைரஸ் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஓட்டை தெரிந்த பிறகும் கேள்வி எதற்கு?

கேள்வி: கைபேசிமேல் காட்டினால் வைரஸ் சாகும் என்று ஒரு நீல விளக்குக் குச்சி விற்கிறார்கள். நம்பலாமா? (தெஹிவளை வாசகி)

பதில்: என் மேசை லாச்சியிலும் ஒன்று கிடக்கிறது, கரண்ட் போன இரவுகளில் உதவும். 254 நனோமீற்றர் புறஊதாக் கதிர் வைரசின் ஆர்என்ஏயைக் குலைப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணையும் தோலையும் பதம் பார்த்துவிடும். அலைநீளம் எழுதாத பெட்டியென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மகன் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் ‘கலத்துக்குள் போய் வைரஸைக் கொல்லும், பிளேட்லெட் ஏறும்’ என்று ஒரு போத்தல் குளிசையை 18,500 ரூபாவுக்குத் தந்தார். மகன் இப்போது சுகம். போத்தலில் பதிவு இலக்கமே இல்லை. (தெமட்டகொட வாசகி)

பதில்: அக்கா, வெட்கப்பட வேண்டியவர் அந்த மனிதர். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது யார் சின்ன எழுத்து வாசிப்பார்கள்? அது தெரிந்துதான் அந்த நேரம் பார்த்து வருகிறார்கள். டெங்கு வைரஸ் நம் நோயெதிர்ப்புக் கலங்களுக்குள்ளேயே புகுந்து பெருகுவது. முதல் நாட்களில் எடுக்கும் என்எஸ்1 பரிசோதனை தேடுவதும், தொற்றிய கலங்கள் வைரசுக்காகச் செய்து இரத்தத்தில் விடும் ஒரு புரதத்தைத்தான். கலத்தைக் கெடுக்காமல் அதற்குள் வைரசின் வேலையை மட்டும் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. ஹெர்பிஸ், எச்ஐவி போன்ற சிலவற்றுக்கு அப்படி மருந்து உண்டு. டெங்குவுக்கு அங்கீகரிக்கப்பட்டது இதுவரை இல்லை. நோய் தணியும்போது பிளேட்லெட் பெரும்பாலும் தானாகவே ஏறும். அந்தப் பெயரைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

போத்தலை எறியாதீர்கள். பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, கைபேசிச் செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். மருந்து என்று விற்றதால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். காசு திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன். முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் மறக்காமல் கேட்டு எழுதி வையுங்கள்.