வீட்டுக்குள் ஒரு காபிக் கடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் அப்பா அம்மாவோடு புதுச்சேரி போயிருந்தேன். தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டைக் காபிக் கடையாக மாற்றியிருக்கிறார்கள் என்று நண்பன் சொன்னதால் அவர்களை அங்கே கூட்டிப்போனேன். திண்ணை, தாழ்வாரம், முற்றம், தேக்குத் தூண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எனக்கு எழுந்து வரவே மனமில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. பில் வந்தது. ஒரு காபி 240 ரூபாய். "நம்ம வீட்டை இடிச்சு பிளாட் கட்டினோம். இப்ப எவன் வீட்டு முற்றத்துலயோ காசு குடுத்து உக்காந்திருக்கோம்" என்றார். கும்பகோணம் பக்கத்தில் தாத்தா வீடு இதே மாதிரிதான் இருக்குமாம். நான் பார்த்ததில்லை. புளிக்கிறது என்று காபியையும் அவர் பாதியிலேயே வைத்துவிட்டார்.

இந்த மாதிரிக் கடைகள் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகின்றனவா, பழமையை விற்றுப் பிழைக்கின்றனவா? அங்கே உட்கார்ந்து நான் சந்தோஷப்பட்டது வெறும் போலிதானா? நீங்கள் அடிக்கடி புதுச்சேரி போகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

விற்றுத்தான் பிழைக்கிறார்கள். அதனால்தான் அந்த வீடு இன்னும் நிற்கிறது. ஆனால் விற்கிற எல்லாரும் காப்பாற்றுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். யார் காப்பாற்றுகிறார், யார் வெறும் ஜோடனை செய்கிறார் என்பதைக் கடைக்குள் நுழைந்த பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அப்பா சொன்னது. உங்கள் தாத்தா வீட்டை இடித்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாலைந்து பேருக்குப் பங்கு வரும் வீடு, அதில் ஒருவர் மட்டும் குடியிருப்பார், மச்சு ஒழுகும், பழுது பார்க்க மற்றவர்கள் பணம் தரமாட்டார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடினால் கிடைக்கமாட்டார், கிடைத்தவர் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவார். இந்த நிலையில் ஒரு பில்டர் வந்து ஆளுக்கொரு பிளாட் என்றால் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்கள்?

புதுச்சேரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரியை இந்தியாவிடம் பிரான்ஸ் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. அவர்களுடைய வாரிசுகள் பிரான்ஸில் இருக்கிறார்கள், வீடு இங்கே பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டுக்கு எமன் மேலேயிருந்துதான் வருவான். மெட்ராஸ் டெரஸ் என்கிறோமே, அந்தக் கூரையைக் கவனித்துப் பாருங்கள். தேக்குச் சட்டங்களுக்கு மேலே சன்னமான செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் போட்டு, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்திருப்பார்கள். தட்டோட்டில் ஒரு விரிசல் விட்டால் போதும், தண்ணீர் இறங்கி, சட்டத்தின் நுனி சுவருக்குள் சொருகியிருக்கும் இடத்தில் தங்கிவிடும். அந்த இடம் யார் கண்ணுக்கும் தெரியாது. விரிசலில் ஓர் அரசங்கன்று முளைக்கும், மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்க ஆள் இருந்தால் அன்றைக்கே பிடுங்கி எறியலாம், ஆள் இல்லாத வீட்டில் அது வேர்விட்டுச் சுவரைப் பிளக்கும். கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் கட்டிய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் கால நகராட்சி மன்றம், அரசாங்கச் சொத்து. அதுவே நெடுநாள் பழுது பார்க்காமல் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. இப்போது அங்கே இருப்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தது. அரசாங்கக் கட்டடத்தின் கதியே இதுவென்றால், வாரிசுகள் கடல்தாண்டிப் போய்விட்ட தனியார் வீடு என்னவாகும்?

அதனால் பழைய வீட்டில் எந்த வியாபாரமாவது நடந்தால் நல்லது என்பது என் கட்சி. அதிலும் காபிக் கடை ஏறக்குறைய சாதுவான குடித்தனக்காரர். ஹோட்டலாக்கினால் அறைக்கொரு குளியலறை வேண்டும், சுண்ணாம்புச் சுவரைக் குடைந்து குழாய் ஓட்டுவார்கள், எங்கேயோ ஒரு இணைப்பு கசியும். துணிக்கடையாக்கினால் ஜன்னல்களை மறைத்து அலமாரி அடித்துவிடுவார்கள். காபிக் கடைக்குப் பத்து மேஜை, ஓர் இயந்திரம், பின்கட்டில் ஒரு சமையலறை, இரண்டு கழிப்பறை போதும். முற்றத்தை மூட வேண்டிய அவசியமில்லை, திறந்த முற்றத்துக்காகத்தானே உங்களைப் போன்றவர்கள் போகிறீர்கள். தொந்தரவே இல்லை என்று சொல்லவில்லை. உயரமான மச்சும் வழவழத் தரையும் சேர்ந்து பேச்சுச் சத்தத்தை இரண்டு மடங்காக்கும், தெருவில் வண்டி நிறுத்தி அக்கம்பக்கத்தார் சாபத்தை வாங்குவார்கள். ஆனாலும் சுவருக்குக் கெடுதல் குறைவு.

இப்போது அந்தப் பத்து நிமிடம். நான் வழக்கமாகப் போகும் கடை ஒன்று உண்டு, பெயர் சொல்லவில்லை, ஏற்கெனவே அங்கே இடம் கிடைப்பதில்லை. முதல்முறை போனபோது சுவர் ஓரமாகத்தான் உட்கார்ந்தேன். தரையிலிருந்து இடுப்பளவு வரை காரை ஒரு நிறம், அதற்கு மேலே இன்னொரு நிறம். பார்க்க அழகாக இல்லை. கை வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது, விரலில் லேசாக வெள்ளைப் பொடி ஒட்டியது. உரிமையாளப் பெண்ணிடம் கேட்டேன். முன்பு குடியிருந்தவர்கள் ஓதம் ஏறுகிறது என்று கீழ்ச்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசியிருந்தார்களாம். புதுச்சேரி மண்ணில் கடல் உப்பு இருக்கிறது. தரையீரம் அந்த உப்போடு செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் வெளியே காய்ந்துபோகும். சிமெண்ட் அடைத்துக்கொள்வதால் ஈரம் அதைத் தாண்டி இன்னும் உயரமாக ஏறி, அங்கே காரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். அவர் சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைப் பல மாதம் சும்மா காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசியிருக்கிறார். வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது கடையைத் திறக்காமல் சுவர் காய்வதற்காகக் காத்திருக்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். "இன்னும் உப்புப் பூக்குது சார், வருஷா வருஷம் கீழே மட்டும் பூசணும். அதுக்குத்தான் பெயின்ட் அடிக்கல" என்றார். இவர் காப்பாற்றுகிறவர்.

இன்னொரு இடத்தில் நுழைந்ததுமே பளபளப்பு. உருளியில் பூ, உரலில் செடி, சுவர் நிறைய பழைய புகைப்படங்கள். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், மூக்குத்தி போட்ட ஒரு பாட்டி. யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, காரைக்குடியில் வாங்கியதாம். அந்த ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் இப்படி ஊர்பேர் தெரியாத தாத்தாக்களை அடுக்கி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். நிலைக்கதவும் செட்டிநாட்டில் எங்கோ பிரித்த வீட்டிலிருந்து வந்தது. ஒரு வீட்டை அலங்கரிக்க இன்னொரு வீட்டைப் பிரித்திருக்கிறார்கள். மேலே பார்த்தால் மச்சே தெரியவில்லை, ஏசிக்காகப் பொய்க்கூரை அடித்து மூடியிருந்தது. அதற்கு மேலே சட்டம் இற்றுப்போனாலும், தலையில் விழும்வரை யாருக்கும் தெரியாது. 300 வருட வீடு என்று பெருமையாக வேறு சொன்னார்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து ஊரையே இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் பார்க்கும் வீடுகளில் அநேகமாக எல்லாமே அதற்குப் பின்னால் எழுந்தவை. அந்தப் பேச்சைக் கேட்டால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

ஆக, தூணைப் பார்த்து மயங்க வேண்டாம். சுவரின் அடிப்பகுதியையும் மச்சையும் பாருங்கள், அந்தக் குடும்பம் யார் என்று கடைக்காரருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

உங்கள் சந்தோஷம் போலியா என்று கேட்டிருந்தீர்கள். ஏன் போலி? வெயிலில் நடந்து வந்து ஒரு தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தையும் காற்றையும் கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்ற பெருமூச்சில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதியினரும் உட்கார்ந்துவிட முடியாது, முற்றம்வரை வர முடிந்தவர்கள் அதைவிடக் குறைவு. காபிக் கடை வந்த பிறகும் அதற்குச் சாதி இருந்தது. ஓட்டல் பலகையில் பிராமணாள் என்று எழுதியிருப்பதை எதிர்த்து 1957இல்கூட சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் முன்னால் பெரியார் இயக்கத்தினர் நாள்தோறும் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த முற்றத்துக்குள் நுழையக் காசு இருந்தால் போதும். காசு இல்லாதவன் வெளியேதான், அதுவும் உண்மை. ஆனாலும் பழைய நிபந்தனையைவிட இது எனக்குத் தேவலாம்.

அந்த 240 ரூபாயைப் பற்றி. ஒரு கோப்பைக்கு 15, 18 கிராம் தூள் ஆகும். நீங்கள் கொடுத்ததில் அதன் பங்கு கொஞ்சம்தான். மிச்சம் வாடகை, ஆள் சம்பளம், மச்சுப் பழுது, அப்புறம் ஒரே காபியை வைத்துக்கொண்டு லேப்டாப்போடு மூன்று மணிநேரம் உட்காருகிறவரின் நாற்காலி. என் பையில் ஓட்டை போடும் விலைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட சிறு கடைகள் முன்பு இருந்திருக்கவே முடியாது. 1942 முதல் ஐம்பது வருடம்போலத் தோட்டக்காரர்கள் தங்கள் கொட்டையை அரசாங்கத்தின் காபி வாரியத்திடம்தான் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நல்லது, சுமாரானது எல்லாம் தரவாரியாக ஒரே குவியலில் சேர்ந்து ஏலத்துக்குப் போகும். எந்தத் தோட்டத்துக் கொட்டை என்ற கேள்விக்கே இடமில்லை. 1990களில்தான் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாக நீங்கியது. உங்கள் ஏற்காட்டில் விளைந்ததை ஏற்காட்டுக் காபி என்றே ஒரு சின்னக் கடை நேரே வாங்கி வறுத்து விற்க முடிவது அதற்குப் பிறகு வந்த வசதி.

அப்பாவுக்குப் புளித்தது அவர் நாக்கின் குற்றமும் இல்லை. இந்தக் கடைகளில் அரபிக்கா ரகக் கொட்டையை இளம் வறுவலாக வறுக்கிறார்கள். கொட்டையில் உள்ள அமிலம் அப்போது அதிகம் தங்கும். வறுக்க வறுக்கப் புளிப்பு குறைந்து கசப்பு ஏறும். கும்பகோணத்துக்காரருக்குப் பழக்கம் நன்றாக வறுத்த கொட்டை, சிக்கரி, கள்ளிச்சொட்டுப் போன்ற கெட்டிப் பால். நேர் எதிரான சரக்கைக் கொடுத்தால் பாதியோடு வைக்காமல் என்ன செய்வார்? அடர் வறுவல் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் கொடுப்பார்கள். அதைக் கேட்பது ரசனைக் குறைவு என்று எண்ணும் கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பா இன்னொன்றையும் ரசிப்பார் என்று நினைக்கிறேன். புதுச்சேரிக்கும் காபிக்கும் உறவு இந்தக் கடைகளால் வந்ததில்லை. ஏமனின் மோக்கா துறைமுகத்தில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காபி வாங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊர் ஆளுநர் கடன்பாக்கியைத் தராமல் இழுத்தடித்தார் என்று, 1737இல் புதுச்சேரியிலிருந்து கப்பல்களை அனுப்பி மோக்காவைப் பீரங்கியால் சுட்டார்கள். காபி விலைப் பட்டியலில் 'மோக்கா' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்கள்தான் ஞாபகம் வரும்.

மறுபடி போவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். போனால், வைசியாள் தெருவுக்கு, அதாவது கால்வே சுப்பராய செட்டித் தெருவுக்கு, அப்பாவைக் கூட்டிப்போங்கள். அங்கே வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைச் சீர்செய்து, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் வாங்கியிருக்கிறார்கள். தனி வீடாகப் பார்ப்பதைவிட, திண்ணையும் தெருவும் எப்படிச் சேர்ந்திருந்தன என்பது அங்கேதான் புரியும். காபிக் கடைக்கு சனி ஞாயிறு வேண்டாம். நவம்பரில், நல்ல மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். கூட்டம் இருக்காது, மச்சு ஒழுகுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.