கையெழுத்துப் போடத் தெரிந்த மகனும் விடுதலைப் பத்திரமும்

கேள்வி: வாடிப்பட்டி வட்டத்தில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக 1994-இல் சேர்ந்து, ஓய்வூதியம் பெற்றுவந்த என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். மகளுக்குத் திருமணமாகிவிட்டது. 23 வயது மகனுக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. சான்றிதழில் 70 சதவீதம் என்று உள்ளது. தன் பெயரை எழுதுவான், டீக்கடைக்குப் போய் வருவான், ஆனால் பணக் கணக்குத் தெரியாது. மாமனார் தம் பெயரில் கிரயம் வாங்கிய 3 ஏக்கர் நஞ்சை, அவர் காலத்துக்குப் பின் மூன்று மகன்களின் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. மாமியாரும் உயிருடன் இல்லை. நாத்தனார் யாரும் கிடையாது. ‘இவனுக்குச் சட்டத்தில் பங்கு கிடையாது, ஆனாலும் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் பாகம் பிரிக்கச் சுலபம், அவன்தான் கையெழுத்துப் போடுவானே’ என்று அவனுடைய பெரியப்பாவும் சித்தப்பாவும் சொல்கிறார்கள். கணவரின் வைப்புத்தொகையைக் கேட்டால் வங்கியில் மகனுக்குப் பாதுகாவலர் சான்று வேண்டும் என்கிறார்கள். பெற்ற தாய் நான் இருக்கும்போது எதற்குச் சான்று? என் பெயரில் உள்ள வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடலாமா?

பதில்: அம்மா, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் அந்த விடுதலைப் பத்திரத்தில் உங்கள் மகனைக் கையெழுத்திட வைக்காதீர்கள், அவருக்காக நீங்களும் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

உங்கள் கணவரின் சகோதரர்கள் சொல்வது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. பிறவியிலேயே சித்தக் குறைபாடு உள்ளவரை வாரிசுரிமையிலிருந்து விலக்கும் பழைய இந்துச் சட்ட விதியை 1928-ஆம் ஆண்டுச் சட்டம்கூட முழுமையாக நீக்கவில்லை. அந்த நினைவுதான் இன்றும் ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் சட்டம்போல் உலவுகிறது. ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, நோய், குறைபாடு, உடற்சிதைவு ஆகிய எதன் காரணமாகவும் ஒருவரை வாரிசுரிமையிலிருந்து விலக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 300 சென்ட் நிலத்தில் உங்கள் கணவரின் பங்கு 100 சென்ட். அதில் நீங்கள், மகன், மகள் மூவருக்கும் சமமாக ஆளுக்கு 33 சென்ட்டும் சொச்சமும் சேரும். பெரியப்பாவோ சித்தப்பாவோ இதில் வாரிசே அல்லர்.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரை எழுதத் தெரிவது வேறு. எழுதிக்கொடுப்பதன் விளைவை அறிந்து, அது தனக்கு நன்மையா தீமையா என்று எடைபோட முடிவது வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு கேட்பது இரண்டாவதைத்தான். அந்தத் திறன் இல்லாதவரிடம் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம் செல்லாது. எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் புகைப்படமும் கைரேகையும் எடுத்துப் பதிவாகிவிட்ட ஒரு பத்திரத்தைச் செல்லாது என்று நிறுவ, உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு வந்த பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்த பெற்றோர் பலர்.

வங்கி உங்களை அலைக்கழிப்பதாக நினைக்க வேண்டாம்; இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கேட்பது சரியே. மகனுக்கு 18 வயது நிரம்பிய நாளோடு பெற்றோரின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. அதன்பின் தாயும் சட்டத்தின் கண்ணில் மூன்றாம் மனிதர்தான். கசப்பான விதி, ஆனால் விதி. இதற்காக நீங்கள் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரிய 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் நிலை அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர் அளவிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். மதுரை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ‘ஏ’ படிவத்தில் விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, கணவரின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்று, மகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இந்தக் குழு தரும் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

சான்று கிடைத்ததும் மகன் சொத்துக்கு நீங்கள் உரிமையாளர் ஆகிவிட மாட்டீர்கள். நியமனமான 6 மாதத்துக்குள் அவருடைய சொத்து, பணம், கடன் அனைத்தையும் பட்டியலிட்டுக் குழுவிடம் தர வேண்டும்; ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள், அதாவது ஜூன் இறுதிக்குள், வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டில் அவருக்கான மருந்து, துணி, பேருந்துக் கட்டணம் என்று தேதிவாரியாக எழுதி, ரசீதுகளை அதிலேயே ஒட்டிவைக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே தொடங்குங்கள். பாகப்பிரிவினையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதில் மகனின் பங்கு நான்கெல்லையோடு, வாய்க்கால் பாசனமும் பாதையும் குறிப்பிட்டுத் தனியாகக் காட்டப்பட வேண்டும். வாய்க்கால் வராத மேட்டு ஓரத்தை இவர் தலையில் கட்டிவிடுவது நம் பக்கத்தில் நடக்காத காரியமல்ல. பின்னாளில் அவர் பங்கை விற்க நேர்ந்தால், பாதுகாவலர் சான்று ஒன்றை மட்டும் நம்பி நான் கிரயப் பத்திரம் எழுதித் தருவதில்லை. நீதிமன்ற அனுமதியும் பெற்றுக்கொள்ளவே சொல்வேன்.

இனி வீட்டு விஷயம். மகளின் மேல் உங்களுக்குள்ள நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தான செட்டில்மெண்ட் பதிவாகிவிட்டால் வீடு அன்றே அவருடையது. பிறகு அவர் கடன் பட்டால் அந்த வீட்டின் மீது ஜப்தி வரலாம், அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அவர் கணவரும் பிள்ளைகளும் வாரிசாகலாம், உங்கள் மகனோ தாய் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுவார். பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அப்படி ஒரு வழியைத் தருவது உண்மைதான்; ஆனால் அது எழுதிக்கொடுத்த மூத்த குடிமகனைப் பராமரிக்கத் தவறினால் உதவுமே தவிர, உங்கள் காலத்துக்குப் பின் உங்கள் மகனைக் கைவிட்டால் உதவாது.

ஆகவே செட்டில்மெண்ட் வேண்டாம், உயில் எழுதுங்கள். மகன் தம் ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்க வேண்டும், அவர் காலத்துக்குப் பின் வீடு முழு உரிமையுடன் மகளுக்குச் சேர வேண்டும் என்று எழுதினால் இருவருக்கும் நியாயம் கிடைக்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவதே உங்கள் நிலைமைக்கு நல்லது. மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். வைப்புத்தொகையில் உங்களுக்கு வரும் பங்கை மகனுக்கென ஒதுக்க விரும்பினால், அதே உயிலில் ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தி, பணத்தைக் கையாளும் பொறுப்பை மகளிடம் மட்டும் விடாமல் இன்னொருவரையும் சேர்த்து ஒப்படையுங்கள். அன்றாடம் சோறு போடுபவரும் பணத்துக்குக் கணக்கு வைப்பவரும் ஒரே ஆளாக இல்லாதிருப்பது அந்த ஆளுக்கும் பாதுகாப்பு. ‘எனக்குப் பின் மகளே பாதுகாவலர்’ என்று உயிலில் எழுதுவது உங்கள் விருப்பத்தைக் காட்டும். ஆனால் 18 வயது நிரம்பியவர் விஷயத்தில் அது குழுவின் நியமனத்துக்கு ஈடாகாது, மகள் அப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

குடும்ப ஓய்வூதியத்தை மறந்துவிடாதீர்கள். உங்கள் கணவர் 1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர் என்பதால் 1978-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். தாமாகச் சம்பாதித்துப் பிழைக்க இயலாத மகனுக்கு, உங்களுக்குப் பின் அது ஆயுள் முழுவதும் கிடைக்கும். மகனின் மருத்துவச் சான்றுடன், உங்கள் கணவர் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்துக்கு இப்போதே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும், 1 லட்சம் ரூபாய் வரையிலான நிரமயா மருத்துவக் காப்பீடும் இருக்கின்றனவா என்று அதே நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். அவரால் எதுவுமே முடியாது என்று காட்டினால்தான் சான்று தருவார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லத் தேவையில்லை. பெயரை எழுதுவார், டீக்கடைக்குத் தனியாகப் போய் வருவார், மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாது என்று உள்ளபடி சொல்லுங்கள். எந்தெந்தக் காரியத்துக்கு அவருக்குப் பாதுகாவலர் வேண்டும் என்பதைக் குழு அதிலிருந்துதான் முடிவு செய்யும்.