அந்த நோயெல்லாம் எங்கே போயிற்று?

கேள்வி: குறும்படத்துக்காக ஒரு பேய்க்கதை எழுதியிருக்கிறேன். கை வைத்தாலே நோய் தீர்க்கும் ஒரு பெண். அவளால் பிழைத்தவர்களே அவள்மேல் பழி போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஆவியாக வந்து எல்லோரையும் பழிவாங்குகிறாள். முதல் பாதியைக் கேட்டு உருகும் நண்பர்கள், இரண்டாம் பாதிக்குச் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நண்பர்கள்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய கதைச்சுருக்கத்தில் உங்கள் நாயகி செத்த பிறகு என்ன செய்கிறாள்? ஒருவனைக் கிணற்றில் தள்ளுகிறாள். இன்னொருவன் தலையில் மின்விசிறி விழுகிறது. மூன்றாவது ஆள் கண்ணாடியைப் பார்த்து அலறுகிறான். இதையெல்லாம் எந்தப் பேயும் செய்யுமே! இதற்கு அவள் நோய் தீர்ப்பவளாக இருந்திருக்கவே வேண்டாம்.

ஒன்றை நீங்கள் யோசிக்கவில்லை. அவள் தீர்த்த நோயெல்லாம் எங்கே போயிற்று?

பழைய கதைகள் இந்தக் கணக்கில் கறார். ஹுமாயூன் சாகக் கிடந்தபோது, பாபர் அவர் படுக்கையைச் சுற்றிவந்து மகனின் நோயைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டதாக பாபரின் மகள் குல்பதன் பேகம் எழுதிவைத்திருக்கிறார். மகன் எழுந்துவிட்டார், 1530-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். கிரேக்கப் புராணத்தில் வைத்தியன் அஸ்கிலெப்பியஸுக்கு, தலைமுடியெல்லாம் பாம்பான அரக்கி மெடூசாவின் ரத்தம் கிடைக்கிறது. வலப்பக்க ரத்தம் பிழைக்க வைக்கும், இடப்பக்க ரத்தம் சாகடிக்கும். இரண்டும் ஒரே உடம்பில் ஓடியவை.

'தி கிரீன் மைல்' பார்த்திருப்பீர்கள். (1999-ல் வந்த படம், இனிமேல் கதையைச் சொன்னால் பாவமில்லை.) அதில் மரண தண்டனைக் கைதி ஒருவன் மற்றவர்களின் நோயைத் தனக்குள் இழுத்து, பூச்சிக்கூட்டமாகத் துப்பிவிடுவான். சிறை அதிகாரியின் மனைவியிடமிருந்து எடுத்ததை மட்டும் துப்பாமல் அடக்கிவைத்து, கொடுமைக்காரக் காவலன் ஒருவனுக்குள் ஊதிவிடுகிறான். அந்தக் காவலன் நேராகப் போய், கைதிமேல் பழி விழுந்த கொலையை உண்மையில் செய்தவனைச் சுட்டுத் தள்ளுகிறான். பிறகு அவனுக்குப் புத்தி திரும்பவே இல்லை. குணமாக்கிய அதே வித்தையே அங்கே ஆயுதமாகிவிட்டது. அது பேய்ப்படமே இல்லை, ஆனாலும் அந்தக் காட்சியில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உங்கள் ஆவி யாரையும் கொல்ல வேண்டாம். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அவள் நடக்கவைத்த ஆள் மாடிப்படியில் இறங்கும்போது பழைய கால் லேசாக இழுக்கட்டும். அவனுக்குப் புரிவதற்கு முன்பே பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். சத்தமான பின்னணி இசையே தேவைப்படாது.

இதற்கான விதையை முதல் பாதியிலேயே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு நோயைத் தீர்த்த பிறகும் அவள் விரல் நகம் ஒன்று கறுத்துப்போவதை ஒரே ஒரு ஷாட்டில் காட்டுங்கள். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பின்னால் ஃபிளாஷ்பேக் வைத்து விளக்கினால் காரியம் கெட்டது.

அப்புறம் அந்தக் குழந்தை. உங்கள் சுருக்கத்தில் ஒரே வரியில் வந்து போகிறது: அவள் காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய குழந்தை, அவள்மேல் முதல் கல்லை எறிந்தவளின் மகள். கணக்குப்படி அந்தக் காய்ச்சலும் திரும்ப வேண்டுமே? ஆவி அந்தத் தொட்டில் பக்கத்தில் வந்து நிற்கட்டும். தாய் பார்க்கட்டும். உங்கள் உச்சக்காட்சி அங்கேதான் இருக்கிறது. உங்கள் நாயகி கையை நீட்டுகிறாளா, மடக்கிக்கொள்கிறாளா என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

கண்ணாடிக் காட்சியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.