பதில்: மனித மேம்பாட்டுத் துறைக்குப் பேராசிரியர் தேர்வு

வணக்கம். விண்ணப்பித்தவர்கள் எல்லாரும் குழந்தைப் பருவ ஆய்வாளர்கள், பிறப்பு முதல் முதுமை வரையிலான மனித வளர்ச்சியைப் பாடம் நடத்த யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

விளம்பரத்தில் 'குழந்தை வளர்ச்சி' என்று போட்டால் முதுமையியல் படித்தவர் எப்படி எட்டிப்பார்ப்பார்? முடிந்தால் திருத்தி மறுபடி வெளியிடுங்கள்.

நேரமில்லையென்றால் மாதிரி வகுப்பை நம்புங்கள். சொந்த ஆய்வைப் பேசச் சொல்லாதீர்கள், அதை யாரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். வயதானால் அறிவுத்திறன் குறையுமா என்ற கேள்வியைக் கொடுங்கள். இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் ஒரே சமயத்தில் சோதித்தால் சரிவு பெரிதாகத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் வார்னர் ஷாயி 1956-ல் தொடங்கிய சியாட்டில் தொடராய்வைப் போல அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தால், பெரும்பாலான திறன்களில் சரிவு தாமதமாகத்தான் வருகிறது. முதல் முறையில் தலைமுறைகளுக்கு இடையிலான கல்வி வித்தியாசத்தை வயதின் தலையில் கட்டுகிறோம் என்று முதலாண்டு மாணவருக்குப் புரியவைப்பவரை எடுங்கள். அவர் குழந்தைகளை ஆய்ந்தவராகவே இருக்கட்டும். இடையில் விலகிப்போனவர்களால் தொடராய்வும் பிசகும் என்று தானாகவே சொன்னால் இன்னும் நல்லது.

கட்டுரை எண்ணிக்கையில் மயங்காதீர்கள். தொடராய்வு செய்பவரிடம் அது மெதுவாகத்தான் ஏறும்.

தொடக்க ஆய்வு நிதி, பாடச்சுமைக் குறைப்பு இரண்டையும் நேர்காணலுக்கு முன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நல்ல ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.