களிமண் யானைகள் சூளையில் வெடிப்பது குறித்து

வணக்கம். ஐந்து நாள் முகாமில் குழந்தைகள் செய்த களிமண் யானைகளில் பாதி சூளையில் வெடித்துவிட்டதாகவும், மண்ணை மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மண் அப்படியே இருக்கட்டும். நான்காம் நாள் செய்ததை ஐந்தாம் நாளே சுட்டதுதான் காரணம் என்று கருதுகிறேன். உள்ளே தங்கிய ஈரம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது நீராவியாகி, வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளந்துவிடுகிறது. காற்றுக்குமிழியின் மீது பழி போடுவது வழக்கமென்றாலும், நன்றாகக் காய்ந்த உருவத்தில் குமிழி இருப்பதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை.

எனவே களிமண் வேலையை முதல் இரண்டு நாட்களில் முடித்துவிட்டு, மீதி நாட்களைக் காகிதத்துக்கும் துணிக்கும் ஒதுக்குங்கள். யானையின் உடலைக் கட்டியான உருண்டையாக விடாமல் கட்டைவிரலால் குடையச் செய்து, சுவரின் தடிமன் ஏறத்தாழ 1 சென்டிமீட்டருக்கு மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலும் தும்பிக்கையும் சேரும் இடங்களை இருபுறமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தினால்தான் அவை நிற்கும்; சிறுவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். முதலில் பாலித்தீன் தாளால் தளர்வாக மூடி, பிறகு திறந்து, ஒரு வாரமாவது உலரவிடுங்கள். கன்னத்தில் வைக்கும்போது சில்லென்றிருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. சுட்ட பொம்மைகள் பின்னொரு நாளில்தான் கைக்கு வரும் என்பதைக் குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.