மலை அவருக்கு வேண்டாம், கடல் உங்களுக்குப் போதாது

கேள்வி: வருகிற மே மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம். ஐந்து நாள் எங்கேயாவது போய்விட்டு வாங்க என்று பிள்ளைகள் விரட்டுகிறார்கள். எனக்கு நம் தென்னாப்பிரிக்காவின் வடக்கு டிராக்கன்ஸ்பெர்க் மலையைப் பார்க்க ஆசை. அவருக்கு உயரம் என்றாலே கால் நடுங்கும், அதனால் டர்பனுக்கு வடக்கே இருக்கிற கடற்கரை போதும் என்கிறார். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா? எங்களிடம் இருப்பது சின்ன கார்.
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: முடியும் சகோதரி, ஆனால் ஐந்தை ஆறு நாளாக்குங்கள். நானும் என் வீட்டுக்காரியும் ஒரு தடவை நாலே நாளில் எல்லாவற்றையும் திணிக்கப் பார்த்து, மலையையும் கடலையும் கார் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டு வந்தோம், அந்தப் பேச்சு வீட்டில் இன்னும் ஓயவில்லை.

முதலில் தேதி. ஈஸ்டர் சமயத்தில் வேண்டாம், டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் போகிற என்3 நெடுஞ்சாலை முழுக்க ஜொகன்னஸ்பர்க் கார்கள்தான் நிற்கும், அதோடு மவுண்ட் எட்ஜ்கோம்பிலோ இசிப்பிங்கோவிலோ மாரியம்மன் திருவிழாவை விட்டுவிட்டு நீங்களும் கிளம்ப மாட்டீர்கள். ஏப்ரல் 27, மே 1 இரண்டும் விடுமுறை, அப்போதும் கூட்டம்தான். மே முதல் வாரம் தாண்டிப் போங்கள். நமக்கு மே என்றால் இலையுதிர் காலம், டிசம்பர் பக்கத்துக் கோடைகாலத்து மதிய இடி மழை ஓய்ந்து, வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

மலையை முதலில் முடித்துவிடுங்கள். டர்பனிலிருந்து பெர்க்வில் வழியாக ராயல் நாடால் பூங்காவுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கே ஆம்பிதியேட்டர் என்கிற மலைச்சுவர், ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படியே செங்குத்தாக நிற்கிறது. அதன் முகம் வடகிழக்கைப் பார்ப்பதால் காலை வெயில் நேராக அதன்மேல் விழும், மதியத்துக்கு மேல் போனால் நிழல்தான். ஆகவே ஆறு மணிக்கே எழுந்து, ஃபிளாஸ்கில் டீயோடு வெளியே உட்கார்ந்துவிடுங்கள். சாம்பல் நிறத்தில் இருக்கிற பாறை முதலில் ரோஸ் ஆகும், அப்புறம் செம்பு நிறம், பத்து நிமிஷத்தில் எல்லாம் வழக்கமான பகல் வெளிச்சமாகிவிடும். மற்ற ஊர்களில் இலையுதிர் காலம் என்றால் மரத்தைப் பார்ப்பார்கள், இந்த மலையில் புல்லைத்தான் பார்க்க வேண்டும், சரிவு முழுக்கப் பச்சை போய் ஒரு சிவந்த பழுப்பு ஏறியிருக்கும்.

உங்கள் வீட்டுக்காரரைச் சங்கிலி ஏணிப் பக்கம் மட்டும் கூட்டிப்போகாதீர்கள். சென்டினல் பக்கமாக மலை உச்சிக்கு ஏறுகிற வழி அது, பாறையில் தொங்கும் இரும்பு ஏணிகள், 25 வருஷத்து தாம்பத்தியத்தை அங்கே வைத்துச் சோதிக்க வேண்டாம். அங்கே போகும் சாலையும் சின்ன காருக்கு ஆகாது. அதற்குப் பதிலாகத் துகேலா ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்குப் பாதையில் நடங்கள். போக 7 கிலோமீட்டர், வர 7. பெரும்பாலும் சீரான பாதை, கடைசியில்தான் ஆற்றுப் பாறைகளில் தாவ வேண்டியிருக்கும். முழுக்கப் போயாக வேண்டும் என்று யார் சொன்னது? கால் வலித்த இடத்தில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.

ஸ்வெட்டர் ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள், டர்பன்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. மே மாதத்தில் அங்கே இரவில் உறைபனி விழும்.

அங்கேயே மூன்று இரவு தங்கி, மூன்றாம் நாளில் ஆலிவியர்ஸ்ஹூக் கணவாய் ஏறி, கோல்டன் கேட் பூங்கா வழியாக கிளாரன்ஸ் ஊருக்கு ஒரு சுற்றுப் போய்வாருங்கள். மஞ்சள் இலை பார்க்கிற ஆசை இருந்தால் அங்கே நிறைவேறும், பாப்லர் மரங்கள் வரிசையாகப் பொன்னாக நிற்கும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவைதான், அதனால் என்ன, அழகு அழகுதானே. 1912-ல் உருவான ஊர், பழைய டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் க்ரூகர் இறந்துபோன சுவிஸ் கிராமத்தின் பெயரை வைத்தார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், சாலையில் குழிகளும் மாடுகளும் உண்டு.

நாலாம் நாள் முழுக்கப் பயணம்தான், மலையிறங்கி, கடலோரமாக வடக்கே போகிற என்2 நெடுஞ்சாலையைப் பிடித்து செயின்ட் லூசியா என்கிற கடற்கரை ஊருக்கு. போகிற வழியில் டர்பன் வரும், ஆனால் வீட்டுக்குள் மட்டும் நுழையாதீர்கள், நுழைந்தால் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார், பயணம் அங்கேயே முடிந்தது.

கடல் பக்கம் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆமை முட்டையிடுவது கோடையில், திமிங்கிலம் வருவது ஜூனுக்கு மேல், மே மாதத்தில் போனால் இரண்டும் தவறும். இருந்தாலும் பக்கத்துக் கேப் விடால் கடற்கரையில் தண்ணீர் இதமாகவே இருக்கும், கழிமுகத்தில் இரண்டு மணி நேரப் படகுச் சவாரியில் நீர்யானையும் முதலையும் நிச்சயம். கார் கண்ணாடியை மட்டும் ஏற்றி வையுங்கள். எங்கள் ரொட்டிப் பொட்டலத்தை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு எதிர் மரத்தில் உட்கார்ந்து, ரொட்டியைத் தின்றுவிட்டு உருளைக்கிழங்கை எங்கள் மேலேயே போட்டது.

கேள்வி: ஆம்பிதியேட்டர் மலைச்சுவரிலிருந்து விழுகிற துகேலா அருவி மே மாதத்தில் வற்றிவிடுமா?
- ஒரு வாசகர், டோங்காட்

பதில்: வற்றாது, மெலிந்துவிடும். மழையை நம்பியிருக்கிற அருவி அது. 948 மீட்டர், ஐந்து தாவலாக விழுகிறது, மே மாதத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை நூல் மாதிரிதான். தண்ணீர்தான் முக்கியம் என்றால் மார்ச்சிலேயே போய்விடுங்கள், நனையவும் தயாராக இருங்கள்.

கேள்வி: செயின்ட் லூசியா தெருவில் நீர்யானை நடக்கும் என்கிறார்களே, கதையா?
- ஒரு வாசகி, வெருலம்

பதில்: கதையில்லை. இரவானால் புல் மேய ஊருக்குள் வரும். சாப்பாட்டுக் கடையிலிருந்து அறைக்கு இருநூறு அடிதான் என்றாலும் காரிலேயே போங்கள். காலையில் விடுதிக்காரர் புல்வெளியில் கிண்ணம் அளவுக்குப் பதிந்த கால் தடத்தைக் காட்டி, "ராத்திரி உங்க ஜன்னலுக்கு நேரேதான் நின்னுச்சு" என்பார்.