தெரு முக்கில் வண்டி வருவது தெரியவில்லை, உருண்டைக் கண்ணாடி வைத்தால் போதுமா?

போதாது. கேட்டவர் ஊரைச் சொல்லவில்லை. தெரு ஏறிப் போய் மெயின் ரோட்டில் முட்டுகிறது, ரெண்டு பக்கமும் ஆளுயர மதில் என்று எழுதியிருப்பதால் எங்கள் திங்கள்சந்தைப் பக்கத்து ஆளாகத்தான் இருக்கும். குமரி மாவட்டத்தில் அஞ்சு சென்ட் விளை வாங்கினாலும் முதலில் மதில், அப்புறம்தான் வீட்டுக்கு வானம் தோண்டுவது.

நான் என்ஜினியர் இல்லை. மஸ்கட்டில் ரோடு போடும் கம்பெனியில் சர்வேக்குக் கோல் பிடித்தவன். அங்கே ஜங்ஷன் வரைபடம் என்றால் மூலையில் ஒரு முக்கோணம் இருக்கும். அதற்குள் மதில், செடி, போர்டு எதுவும் நிற்கக் கூடாது. பார்வை முக்கோணம் என்பார்கள். "அரபுநாட்டுக் கதை இங்கே எதற்கு" என்று யாரும் வர வேண்டாம், நம் நாட்டு ரோடுகளுக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதியிலும் இது உண்டு.

ஐம்பது வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 14 மீட்டர் போகும். கண்டு, பிரேக்கில் கால் வைக்கவே 2.5 நொடி என்று அந்த விதி கணக்குப் போடுகிறது. அதிலேயே 35 மீட்டர் போய்விடும். நிற்க மொத்தம் 60 மீட்டர் வேண்டும். தெருவிலிருந்து ஏறுகிறவருக்கோ பார்த்து நுழைய 8 நொடி, அதாவது 110 மீட்டர் தெரிய வேண்டும். காரில் இருப்பவர் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர்தான். அஞ்சடி மதிலைத் தாண்டி அவருக்கு என்ன தெரியும்? எட்டிப் பார்க்கும்போதே பானட் ரோட்டில் நிற்கும்.

கண்ணாடியில் வண்டி சின்னதாக, தள்ளி வருவது போலத் தெரியும், வேகம் பிடிபடாது. ஆடிச் சாரலில் அதுவும் இல்லை.

எங்கள் வீடும் முக்கில்தான். மதில் அப்பா கட்டியது. டியூஷன் விட்டுச் சைக்கிளில் வந்த ஒரு பையன் டெம்போவில் மோதிக் கை ஒடிந்த பிறகு, மூலையை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இங்கே ஆறு மீட்டர், அங்கே ஆறு மீட்டர், குறுக்கே ஒரு கோடு. அரை சென்ட் கூட வராது. ஆனால் அது ஈசானிய மூலை! மச்சான் ஒரு வாரம் பேசவில்லை. கொத்தனார் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அம்மைட்ட ஒருக்க கேட்டுட்டு வாரும்" என்றார். அம்மை, "அந்தப் பிள்ளைக்க கை தொங்குனத நான் பாத்தேன். இடிச்சுப் போடு மக்களே" என்றாள். கையில் காசிருப்பவன் இடிப்பான் என்று சிலர் எழுதுவீர்கள். சென்ட் விலை எனக்கும் தெரியும்.

அதனால் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. எதிர்ப் பக்கத்து மதில் இன்னொருவருடையது. ஏற்றம் வேறு. தெரு ரோட்டில் சேருமுன் ஒரு காராவது சமமாக நிற்க இடம் வேண்டும், இல்லையென்றால் கிளட்சையே கவனிப்பீர்கள், வலப்பக்கம் பார்க்க மாட்டீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோட்டை உயர்த்தியதில் எங்கள் தெரு வருஷத்துக்கு வருஷம் செங்குத்தாகிறது.

மதில் போனதில் எனக்குக் கிடைத்தது இளநீர்க் களவு. இருந்தது ஒரே ஒரு செவ்விளநீர் மரம், குலையோடு போகிறது. புகார் கொடுக்கப் போனால், "தேங்காய்க்கெல்லாம் கேஸா சாரே" என்று சிரிக்கிறார்கள். பத்து மூடு தென்னை வைத்திருப்பவனுக்கு அது தேங்காய். எனக்கு அம்மைக்குக் கொடுக்க இருந்த இளநீர்.

உங்கள் மூலை பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் இடத்தைக் கேட்காதீர்கள், சண்டைதான் வரும். மூலையில் மட்டும் மதிலை ரெண்டடிக்கு இறக்கச் சொல்லுங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் மேல் செடித்தொட்டி வரிசையாக வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தடை தெருப் பக்கம் போடச் சொல்லி மனு கொடுங்கள். கண்ணாடி இதற்கெல்லாம் பிறகு, வேண்டுமானால்.